கவிழ்த்து வைத்த புத்தகம்: வாசக நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

நம் வாசகர் வட்டத்து நண்பர்களுக்கும், கதை படிப்பதை உயிராகக் கொண்டு எங்கெங்கோ இதேபோல் கூடிப் பேசும் மற்ற வட்டத்து நண்பர்களுக்கும் வணக்கம்.

போன மாதக் கூட்டத்தில் நடந்ததைப் பற்றி அன்றைக்கே பேசியிருக்க வேண்டும். நான் வாய் திறக்கவில்லை. அந்த மௌனம் ஒரு மாதமாக உறுத்துகிறது. எல்லாரும் இருந்த இடத்தில் நடந்தது என்பதால், எல்லாரும் படிக்கும்படியாகவே இதை எழுதுகிறேன்.

"இந்த மாதம் என்ன படித்தீர்கள்?" என்று வழக்கம்போல ஒரு சுற்று வந்தது. ஒருவர் மொழிபெயர்ப்பு நாவல் ஒன்றைச் சொன்னார். இன்னொருவர் விருது பெற்ற சிறுகதைத் தொகுப்பைச் சொன்னார். அடுத்தது அக்காவின் முறை. (அவரைவிட மூத்தவர்கள்கூட அவரை அக்கா என்றுதான் அழைக்கிறோம்.) பையிலிருந்து தடித்த குடும்ப நாவல் ஒன்றை எடுத்தார். அட்டையில் கண் கலங்கிய ஒரு பெண்ணின் முகம். அவர் தலைப்பைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்றாமவர், "பொழுதும் போக வேண்டும் அல்லவா" என்று சிரித்தார். அவர் குரலில் கெட்ட எண்ணம் ஏதும் இருக்கவில்லை. அக்காவும் சிரித்தார். "ஆமாம், சும்மாதான் படித்தேன்" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்தார். அட்டை தெரியாதபடி அதன்மேல் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டார். பேச்சு அடுத்தவரிடம் போய்விட்டது.

நான் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். அந்தப் புத்தகத்தின் ஓரத்தில் ஐந்தாறு காகிதத் துண்டுகள் நீட்டிக்கொண்டிருந்தன. சும்மா படித்தவர் அப்படி அடையாளம் வைக்கமாட்டார். அவர் எதையோ சொல்வதற்காகப் பக்கம் பார்த்து வைத்துக்கொண்டு வந்திருந்தார். இந்த மாதக் கூட்டத்துக்கு அவர் வரவில்லை.

அந்த நாவலைத் தேடி வாங்கிப் படித்தேன். அதில் ஒரு காட்சி. தாய் இறந்தபின் அக்காளும் தங்கையும் அவளுடைய பொருள்களைப் பிரித்துக்கொள்கிறார்கள். நகையும் புடவையும் சண்டையில்லாமல் பிரிந்துவிடுகின்றன. கடைசியில் மிஞ்சுவது ஒரு பழைய மூக்குக்கண்ணாடிக் கூடு. இருவருக்கும் அது வேண்டும். இருவரும் கேட்பதில்லை. "நீயே வைத்துக்கொள்" என்கிறாள் மூத்தவள். இரண்டு பக்கங்களுக்குள் அந்த ஒரே வாக்கியம் நான்கு முறை வருகிறது. முதல் முறை பாசம். இரண்டாம் முறை, இவள் உண்மையிலேயே எடுத்துக்கொண்டுவிடுவாளோ என்ற சோதனை. மூன்றாம் முறை பழைய கோபம் ஒன்று அதற்குள் ஏறிக்கொள்கிறது. நான்காம் முறை சொல்லும்போது அவளுக்குக் களைப்பைத் தவிர வேறொன்றும் மிஞ்சியிருக்கவில்லை. ஆசிரியர் இவற்றில் ஒன்றையும் விளக்கவில்லை. "கோபத்துடன் கூறினாள்" என்றுகூட எழுதவில்லை. நாம் வியந்து வியந்து பேசிய பல நாவல்களில் இவ்வளவு சிக்கனமான உரையாடலை நான் பார்த்ததில்லை.

குறையும் உண்டு. கடைசி நூறு பக்கங்கள் அவசரம். எதிர்பாராத சந்திப்புகள் மூன்று அடுத்தடுத்து வருகின்றன. ஒன்றைத்தான் நம்ப முடிகிறது. இதையெல்லாம் அன்று அக்காவிடமே கேட்டுப் பேசியிருக்கலாம். ஒருவேளை அவருடைய காகிதத் துண்டுகளில் ஒன்று இந்தக் குறையைச் சுட்டும் பக்கத்தில் இருந்திருக்கும். நாம்தான் கேட்கவில்லையே.

நண்பர்களே, நம் பேச்சில் தீர்ப்புகள் மலிந்துவிட்டன. அருமை, சுமார், தேறாது, கட்டாயம் படிக்க வேண்டியது, கீழே வைக்க மனம் வரவில்லை. இவற்றில் எதைக் கேட்டாலும் கேட்டவருக்கு அந்தப் புத்தகத்தைப் பற்றி ஒன்றும் தெரிவதில்லை. சொன்னவரைப் பற்றியும் தெரிவதில்லை. ஒரு நாவல் "அருமை" என்றால் யாருக்கு அருமை, எந்த இடத்தில் அருமை? மொழியா, ஆள்களா, கதைப் போக்கா, அல்லது அவர் அன்றிருந்த மனநிலைக்கு அது மருந்தாக அமைந்ததா? அந்த ஒற்றைச் சொல்லைக் கேட்டு நான் வாங்கி அலமாரியில் அடுக்கி, முப்பது பக்கம் தாண்டாமல் கிடக்கும் புத்தகங்கள் பல. சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. என்ன பிடித்தது என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

நம்மில் ஒருவர் ஒருமுறை வேறு மாதிரி பேசினார். உங்களுக்கும் நினைவிருக்கும். "இதை நான் மருத்துவமனை வராந்தாவில், அப்பாவின் அறைக்கு வெளியே உட்கார்ந்து படித்தேன். கதை மெதுவாக நகர்கிறது, எதுவுமே நடக்கவில்லை என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அந்த நாள்களில் எதுவும் நடக்காமல் இருப்பதே போதுமானதாக இருந்தது. அந்த வீட்டில் தினமும் காலையில் ஒருவர் ஜன்னலைத் திறக்கிறார் என்று வருகிற ஒவ்வொரு முறையும் எனக்கு மூச்சு வந்தது" என்றார். இரண்டு நிமிடம்கூடப் பேசவில்லை. ஆனால் அந்த நாவல் எப்படிப்பட்டது, யாருக்கு ஒத்துவரும், யாருக்குச் சலிக்கும் என்பது அறையில் இருந்த எல்லாருக்கும் தெளிவாகிவிட்டது. வேகமான கதை விரும்புகிற ஒருவர், "அப்படியானால் இது எனக்கு இப்போது வேண்டாம்" என்றார். அதுவும் ஒரு நல்ல பரிந்துரைதான். புத்தகத்துக்கும் அவருக்கும் இடையே ஒரு கசப்பு நேராமல் தப்பியது.

நான் கேட்பது இந்த அளவுக்குத்தான். எந்த இடத்தில் புத்தகம் உங்களைப் பிடித்தது, எந்த இடத்தில் கைவிட்டது, அப்போது நீங்கள் எப்படி இருந்தீர்கள்? தரம் பிரிக்கும் வேலை அதன்பிறகு தானாக நடக்கும், நடக்காமலும் போகட்டும்.

தரம் என்று சொன்னதும் சிலர் முகம் மாறும் என்று தெரியும். "நல்ல இலக்கியத்துக்கும் வணிக எழுத்துக்கும் வேறுபாடே இல்லையா? எல்லாம் ஒன்றுதானா?" என்பீர்கள். எல்லாம் ஒன்றல்ல. அதை மறுப்பவன் நானல்லன். இரண்டு பக்க உரையாடலில் நான்கு மனநிலைகளை ஒளித்து வைப்பவரும், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஓர் ஆச்சரியக்குறி போடுபவரும் ஒரே தராசில் நிற்கமாட்டார்கள். ஆனால் எது எங்கே இருக்கிறது என்பதைப் படித்துப் பார்த்துத்தானே சொல்ல வேண்டும்? அட்டையில் அழுகிற பெண்ணைப் பார்த்தும், ஆசிரியர் எங்கே தொடர்கதை எழுதுகிறார் என்பதை வைத்தும் நாம் முடிவு கட்டினோம்.

இந்தத் தவறு நம்மைவிடப் பெரியவர்களுக்கும் நேர்ந்திருக்கிறது. 1912-இல் பிரெஞ்சு எழுத்தாளர் மார்செல் ப்ரூஸ்ட் தம் நெடும் நாவலின் முதல் பகுதியை ஓர் இலக்கியப் பத்திரிகை நடத்திய பதிப்பகத்துக்கு அனுப்பினார். அங்கே முக்கியப் பொறுப்பில் இருந்தவர் ஆந்த்ரே ழீத். பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்றவர். வாசிப்பில் யாருக்கும் சளைக்காதவர். நாவல் திரும்பி வந்தது. மறு ஆண்டு ப்ரூஸ்ட் வேறொரு பதிப்பகத்தில் தம் சொந்தப் பணத்தைப் போட்டு அதை வெளியிட்டார். 1914 ஜனவரியில் ழீத் அவருக்குக் கடிதம் எழுதினார். அந்தப் புத்தகத்தை மறுத்தது தம் பத்திரிகை செய்த மிகப் பெரிய பிழை என்றும், தம் வாழ்வின் மிகக் கடுமையான வருத்தங்களில் ஒன்று என்றும் ஒப்புக்கொண்டார். ஏன் மறுத்தார் என்பதையும் மறைக்கவில்லை. ப்ரூஸ்டை அவர் மேட்டுக்குடி விருந்துகளுக்குப் போய்வருகிற ஆடம்பர மனிதர் என்றே நினைத்திருந்தார். கையெழுத்துப் பிரதியை ஏனோதானோவென்று அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பிரித்துப் பார்த்தார். கண்ணில் பட்ட ஓரிரு வரிகள் அந்த நினைப்பையே உறுதிப்படுத்தின. அடுத்த பகுதி 1919-இல் பிரான்சின் பெரிய இலக்கியப் பரிசான கோன்கூர் பரிசு பெற்றபோது அதை வெளியிட்டிருந்தது, முதலில் மறுத்த அதே பதிப்பகம்.

இந்தக் கதையில் என்னை உலுக்குவது அந்தக் கடிதம்தான். தவறாகப் படிப்பது யாருக்கும் நேரும். முழுதாகப் படித்துவிட்டு, "நான் சரியாகப் படிக்கவில்லை" என்று ஆசிரியருக்கே எழுதுவதற்கு எத்தனை மனத்திடம் வேண்டும்! நம் வட்டத்தில் இத்தனை ஆண்டுகளில் யாராவது ஒருவர், "போன வருடம் இதை மோசம் என்றேன், மறுபடி படித்தேன், என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன்" என்று சொன்னதுண்டா? எனக்கு நினைவில்லை. கருத்து மாறாமல் இருந்திருக்க வாய்ப்பில்லை. இருபது வயதில் எனக்கு உயிராக இருந்த ஒரு காதல் நாவலை நாற்பது வயதில் எடுத்தபோது, கதாநாயகனின் பிடிவாதம் எனக்கு அச்சம் தந்தது. அதே நாவலில் அப்போது நான் தாண்டிப்போன ஒரு முதிய வேலைக்காரரின் பகுதி இப்போது தொண்டையை அடைத்தது. புத்தகம் அப்படியேதான் இருந்தது, அதே பதிப்பு, அதே பக்க எண்கள்.

துப்பறியும் கதை படிப்பவர்களையும் நாம் இப்படித்தான் நடத்துகிறோம். ஆர்தர் கோனன் டாயில் தம்முடைய வரலாற்று நாவல்களையே பெரிதாக மதித்தார். அவற்றை எழுத விடாமல் குறுக்கே நிற்கிறார் என்று எண்ணித்தான் 1893-இல் ஷெர்லாக் ஹோம்ஸை அருவியில் விழுந்து இறக்கச் செய்தார். வாசகர்கள் அதை ஏற்கவேயில்லை. கடைசியில் 1903-இல் ஹோம்ஸ் உயிரோடு திரும்பி வந்தார். ஆசிரியருக்கே தம் படைப்புகளில் எது நிலைக்கும் என்பது பிடிபடவில்லை. நாமோ பின்னட்டையைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுகிறோம்.

புகழ்பெற்ற நூல் பிடிக்கவில்லை என்று சொல்லப் பயப்படுபவர்களும் நம்மில் இருக்கிறார்கள். கூட்டம் கலைந்தபின் வாசலில் நின்று, "எனக்கு அது ஏறவே இல்லை, சொன்னால் தப்பாக நினைப்பார்கள்" என்று மெல்லிய குரலில் என்னிடம் சொன்னவர்கள் மூன்று பேர். டால்ஸ்டாய்க்கு ஷேக்ஸ்பியர் கடைசிவரை பிடிக்கவில்லை. ஐம்பது ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தும் பிடிக்கவில்லை என்று ஒரு நீண்ட கட்டுரையே எழுதினார். அவர் சொன்னதை ஏற்க வேண்டியதில்லை, நானும் ஏற்கவில்லை. ஆனால் எந்த நாடகத்தில், எந்தக் காட்சியில், ஏன் நம்ப முடியவில்லை என்று அவர் காட்சி காட்சியாகக் காட்டினார். அதனால்தான் அதோடு வாதாட முடிகிறது. வாசலில் சொல்வதை உள்ளே உட்கார்ந்து, பக்கம் காட்டிச் சொல்லுங்கள். அப்போது அந்த நூலை நேசிப்பவரும் மறுபடி பிரித்துப் பார்ப்பார்.

பாதியில் விட்டதையும் சொல்லுங்கள். ஒளிக்க வேண்டிய குற்றம் அல்ல அது. தானியேல் பெனாக் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் 1992-இல் வாசகருக்கு 10 உரிமைகளை வகுத்தார். புத்தகத்தை முடிக்காமல் விடும் உரிமை, பக்கங்களைத் தாண்டிப்போகும் உரிமை, கையில் கிடைத்த எதையும் படிக்கும் உரிமை எல்லாம் அதில் உண்டு. பத்தாவது உரிமை, படித்ததைப் பற்றிப் பேசாமல் இருக்கும் உரிமை. இந்த பத்தாவதை நம் வட்டம் மதிப்பதே இல்லை. கடைசி வரிசையில் உட்காரும் அந்த இளைஞரிடம் ஒவ்வொரு மாதமும், "நீங்கள் ஒன்றுமே சொல்லவில்லையே" என்று விரட்டுகிறோம். அவர் கேட்க வருகிறார். கேட்டுவிட்டுப் போய்ப் படிக்கிறார். அது போதாதா?

முடிவைச் சொல்லிவிடும் பழக்கத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. 2011-இல் கலிபோர்னியாவில் இரண்டு ஆய்வாளர்கள் 12 சிறுகதைகளை எடுத்துக்கொண்டு, முடிவு முன்பே தெரிந்து படித்தவர்களையும் தெரியாமல் படித்தவர்களையும் ஒப்பிட்டார்கள். தெரிந்து படித்தவர்கள் சற்றுக் கூடுதலாகவே ரசித்ததாக வந்தது. பின்னால் வந்த ஆய்வுகளில் சில இதற்கு நேர்மாறாகவும் கண்டன. நம் கூட்டத்தில் இந்த முதல் ஆய்வைப் பிடித்துக்கொண்டு, "முடிவு தெரிந்தால்தான் நன்றாக ரசிக்கலாம்" என்று கொலையாளியின் பெயரைப் போட்டு உடைப்பவர் ஒருவர் உண்டு. அவர் என் நெடுநாள் நண்பர். முடிவு தெரிந்து படிப்பது உங்களுக்குப் பிடிக்கும் என்றால் தாராளமாகப் படியுங்கள். எதிரில் இருப்பவரிடம், "சொல்லலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு கதையை முதன்முதலாகப் படிப்பது ஒருவருக்கு ஒரு முறைதான் வாய்க்கும். அதை அவருக்காக நாம் செலவழித்துவிடக் கூடாது.

மொழிபெயர்ப்பு நாவல் பேசும்போது மொழிபெயர்த்தவரின் பெயரைச் சொல்லாமல் விடுவது எனக்குப் பொறுக்கவில்லை. "என்ன நடை!" என்று வியக்கிறோம். நம் கண் தொட்ட ஒவ்வொரு சொல்லும் மொழிபெயர்ப்பாளர் தேர்ந்த சொல். பெயரைச் சொல்ல மூன்று நொடி ஆகுமா?

ஆண்டுக் கணக்கு வேறு. ஒருவர் 100 புத்தகம், இன்னொருவர் 120. படித்தவர்களை வாழ்த்துகிறேன். ஆனால் இந்த எண்கள் வந்தபிறகு, ஒரே நாவலை ஆண்டு முழுவதும் வைத்துக்கொண்டு படித்த ஒருவர் கணக்குச் சொல்லக் கூசி அமைதியாகிவிட்டார். அவரிடமிருந்து நாம் எதைக் கேட்டிருக்கக்கூடும் என்பதை எண்ணும்போது எனக்கு ஏக்கமாக இருக்கிறது.

"என்ன படித்தீர்கள்?" என்ற கேள்விக்கு எவ்வளவு வலு உண்டு என்பது தமிழ் வாசகர்களான நமக்குத் தெரியாததல்ல. 1880-இல், கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியார் உ.வே. சாமிநாதையரிடம் கேட்டது அதைத்தான். இளம் ஆசிரியரான ஐயர், தாம் கற்ற அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று நீண்ட பட்டியலை ஒப்புவித்தார். முதலியார் அசரவில்லை. இதையெல்லாம் படித்து என்ன பயன் என்கிற தோரணையில் கேட்டார். ஐயருக்கு அது எவ்வளவு சுருக்கென்று தைத்தது என்பதை அவரே தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஆனால் முதலியார் அந்த ஒரு கேள்வியோடு எழுந்து போய்விடவில்லை. சீவக சிந்தாமணி என்ற பெயரைச் சொன்னார், அதன் பிரதியை வருவித்துக் கையில் கொடுத்தார், அதைப் பற்றிப் பேச நேரம் ஒதுக்கினார். 1887-இல் சிந்தாமணி அச்சில் வந்தது. அதைத் தொடர்ந்து ஐயர் பதிப்பித்தவற்றை நான் சொல்லத் தேவையில்லை.

"பொழுதும் போக வேண்டும் அல்லவா" என்று சொன்ன நம் நண்பரை நான் குறை சொல்லி ஒதுக்கவில்லை. அவருக்கு அந்த நாவலைவிட நல்லது ஒன்று தெரிந்திருக்கலாம். அப்படியானால் அதை அக்காவின் கையில் கொடுத்திருக்கலாமே. "உங்களுக்கு இதில் எந்த இடம் பிடித்தது? அந்த இடம் பிடித்தால் இதுவும் பிடிக்கும்" என்று சொல்லியிருந்தால், அவர் இந்த மாதம் இரண்டு புத்தகங்களோடு வந்திருப்பார்.

போன வாரம் அக்காவுக்குத் தொலைபேசியில் பேசினேன். நாவலைப் படித்துவிட்டதாகச் சொன்னேன். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "அந்தக் கண்ணாடிக் கூடு வருகிற இடம் படித்தீர்களா?" என்று கேட்டார். அடுத்த நாற்பது நிமிடங்கள் அவர்தான் பேசினார். நான் கவனிக்காத ஒன்றைச் சொன்னார்: அந்தக் கூடு முதல் அத்தியாயத்திலேயே வருகிறது, தங்கை சிறுமியாக இருக்கும்போது அதைத் திறந்து திறந்து மூடி விளையாடுகிறாள், அந்தச் சத்தத்துக்காகத் தாய் அவளை அடிக்கிறாள். அதனால்தான் கடைசியில் அவள் அதை எடுத்துக்கொள்ளும்போது திறப்பதில்லையாம். நான் ஓடிப்போய் முதல் அத்தியாயத்தைப் புரட்டினேன். இருந்தது, நான்காம் பக்கத்தில், ஒரே ஒரு வரி.

அடுத்த கூட்டத்தில் முதலில் பேசும் வாய்ப்பை எனக்குத் தாருங்கள். அந்த நாவலைப் பற்றித்தான் பேசப்போகிறேன். நான்காம் பக்கத்து வரியைக் கண்டுபிடித்தவர் யார் என்பதையும் சொல்வேன். முடிந்தவர்கள் அதற்குள் படித்துவிட்டு வாருங்கள்; என்னிடம் உள்ள பிரதியை யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம், பென்சிலால் கோடு போடவும் செய்யலாம். பிடிக்காமல் போனால் எந்தப் பக்கத்தில் விட்டீர்கள் என்று குறித்துக்கொண்டு வாருங்கள். அன்று சிரித்த நண்பர்கள் அவசியம் வர வேண்டும். அவர்கள் கருத்தையும் கேட்க வேண்டும்.

அக்காவைக் கூப்பிட்டிருக்கிறேன். வருகிறேன் என்று சொல்லவில்லை. கூட்டம் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்